பி.டி. மாஸ்டர் பதில்கள்: 38 சீசன், ஒரே அணி, ஒரே கோச்

சென்ற இதழில், நம் பக்கத்துக் கபடி அணிகள் வருஷத்துக்கு ஒரு கோச்சை மாற்றுவதைப் பற்றி எழுதியபோது, “மெல்போர்னில் ஜாக் மெக்ஹேல் என்று ஒருவர் 38 சீசன் ஒரே அணிக்குக் கோச்சாக இருந்தார்” என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். கபடியைப் பற்றி இரண்டு பக்கம் மூச்சு முட்ட எழுதியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. சரி, இந்த முறை மெக்ஹேலையே எடுத்துக்கொள்வோம்.

மயிலாடுதுறையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: என் மகன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது டி.வி.யில் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். கையால் பிடிக்கிறார்கள், காலால் உதைக்கிறார்கள், ஒருவன் முதுகில் இன்னொருவன் ஏறுகிறான். ஒன்றும் விளங்கவில்லை. மெக்ஹேல் யார் என்பது இருக்கட்டும், முதலில் அது என்ன ஆட்டம்?

அதற்குப் பெயர் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். ஊர்க்காரர்கள் ஃபுட்டி என்பார்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குளிர்காலத்தில் உடம்பு தளராமல் இருக்க ஒரு ஆட்டம் வேண்டும் என்று மெல்போர்னில் யோசித்ததில் பிறந்தது. 1859-இல் விதிகளை எழுதிவைத்தார்கள். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடியதால் ஆடுகளம் நீள்வட்டம். பந்தும் நீள்வட்டம்தான். பக்கத்துக்கு 18 பேர்.

இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள் நட்டிருக்கும், குறுக்குக் கம்பி கிடையாது. நடு இரண்டு கம்பங்களுக்கு இடையில் உதைத்து அனுப்பினால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. கிட்டத்தில் போனதற்கும் ஒரு புள்ளி தருகிற தாராள மனசு எனக்குப் பிடிக்கும். பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தித்தான் தள்ள வேண்டும். ஒருவர் உதைத்த பந்தை இன்னொருவர் அந்தரத்திலேயே பிடித்துவிட்டால் அதற்கு ‘மார்க்’ என்று பெயர். பிடித்தவர் யாரும் தொந்தரவு செய்யாமல் நின்று நிதானமாக உதைக்கலாம். நீங்கள் பார்த்த முதுகேற்றம் அந்த மார்க்குக்காகத்தான். பந்தைப் பிடிக்கிற முயற்சியில் எதிராளியின் தோளில் முழங்காலை வைத்து எழும்புவது அங்கே ஃபவுல் இல்லை, கைதட்டல் வாங்குகிற விஷயம்.

இனி மெக்ஹேல். 1882 டிசம்பரில் சிட்னியில் பிறந்தவர். சிட்னி ரக்பி ஊர், அங்கே அன்றைக்கு ஃபுட்டியைச் சீண்டுகிறவர்கள் குறைவு. சிறுவயதிலேயே குடும்பம் மெல்போர்னுக்கு வந்துவிட்டதால் நமக்கு இந்தக் கதை கிடைத்தது. 1903-இல் காலிங்வுட் அணியில் சேர்ந்தார். காலிங்வுட் அன்றைக்குச் செருப்புத் தொழிற்சாலைகளும் நெருக்கமான சின்னச் சின்ன வீடுகளுமாக இருந்த தொழிலாளர் பேட்டை. அணியின் சட்டை கறுப்பு வெள்ளைப் பட்டை, பட்டப்பெயர் மேக்பை, அதே கறுப்பு வெள்ளை நிறத்துப் பறவை ஒன்றின் பெயர். அந்தப் பட்டைச் சட்டையில் 1920 வரை 261 ஆட்டம் ஆடினார்.

1912-இல் ஆடிக்கொண்டிருக்கும்போதே கோச் ஆக்கினார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவர் இறங்கியது 1949 சீசன் முடிந்த பிறகு. நடுவில் இரண்டு உலகப் போர் வந்து போயின. கோச்சாக 714 ஆட்டம், 8 சாம்பியன் பட்டம். இந்த 8-ஐ இன்னும் ஒருவரும் தாண்டவில்லை. 714-ஐத் தாண்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாண்டியவர் மிக் மால்ட்ஹவுஸ். அதுவும் எப்படி? 2010-இல் காலிங்வுட்டுக்கே பட்டம் வாங்கித் தந்தவர், 715-ஆவது ஆட்டத்தன்று பரம எதிரி கார்ல்டனின் கோச்சாக, காலிங்வுட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சாதனை அவருடையது, ஆட்டம் காலிங்வுட்டுடையது. அந்த மாதம் முடிவதற்குள் கார்ல்டன் அவரை வேலையை விட்டு நீக்கியது.

திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், நல்ல கோச் ஆக வேண்டுமென்றால் முதலில் பெரிய பிளேயராக இருந்திருக்க வேண்டுமா? மெக்ஹேல் எப்படி?

தம்பி, மெக்ஹேல் நல்ல பிளேயர். ஆனால் கூட்டம் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிற ரகம் இல்லை. மைதானத்தின் நடுப்பகுதியில் நின்று, வருகிற பந்தை வாங்கி, சரியான ஆளுக்கு அனுப்புகிற வேலை. அவர் பெயர் ஏட்டில் ஏறியது வேறொரு காரணத்துக்காக. 1906 தொடங்கி 1917 வரை ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 191 ஆட்டம் ஆடினார். மெல்போர்ன் குளிர்காலத்தில், சேற்றில், இடுப்பில் இடி வாங்கிக்கொண்டு. பல வருஷம் அதுதான் சாதனை. இப்போது அது ஜிம் ஸ்டைன்ஸிடம் இருக்கிறது, 244 ஆட்டம். அவர் அயர்லாந்திலிருந்து வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர்.

என் அனுபவத்தில் பள்ளிக் கபடி அணியில் பெரிய ரெய்டராக, அதாவது எதிரணிக்குள் பாடிப் போகிறவனாக இருந்தவன் கோச் ஆனால் ஒரு சிக்கல் வரும். “அந்த கார்னர் கையை நீட்டினான், நான் எகிறித் தாண்டி வந்தேன், நீயும் தாண்டு” என்பான். எப்படித் தாண்டினாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அவன் உடம்புக்குத் தெரியும், அவ்வளவுதான். கவரில், அதாவது தடுக்கிற வரிசையில் நின்று மற்ற ஆறு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தே பழகினவனுக்கு விளக்கத் தெரியும். மெக்ஹேல் இரண்டாவது ஜாதி. ஒரு மனிதர் பதினோரு வருஷம் ஒரே அணியின் நடுவில் நின்றால், அந்த அணியில் யாருக்கு எந்தக் கால் பலம், யார் குளிரில் சுணங்குவான், யாரைத் திட்டினால் ஆடுவான், யாரைத் திட்டினால் முகத்தைத் தூக்கிக்கொள்வான் என்பதெல்லாம் அத்துப்படி ஆகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1917-இல் அவரே ஆட்டக்காரர், அவரே கோச், பட்டமும் வந்தது. நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசிய கூட்டாளியை இன்றைக்கு ‘நீ உட்கார்’ என்று வெளியே வைப்பது லேசான காரியமா? நம் ஊரில் இதில் அறுந்துபோன நட்புகளை நான் பார்த்திருக்கிறேன். மச்சான் மச்சான் என்று திரிந்தவர்கள் ஒரு கால் இறுதி ஆட்டத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

வலங்கைமானிலிருந்து ஒரு வாசகர்: கபடிப் பக்கத்தில் கங்காரு நாட்டுக் கதை எதற்கு?

நீங்கள்தானே ஐயா கடிதம் எழுதிக் கேட்டீர்கள்!

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கபடி அணிக் கேப்டன்: எங்கள் அணியில் பரிசுப் பணத்தை எல்லாரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். எங்கள் முதல் ரெய்டர் இப்போது பாதி வேண்டும் என்கிறான். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் அணிக்குப் போய்விடுவானாம். அவன் இல்லாமல் எங்களால் ஜெயிக்கவும் முடியாது. என்ன செய்யலாம்?

தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றக் கடிதங்களைச் சுருக்கினேன்.

பணம் பிரிக்கிற இடம் எனக்குத் தெரியும். இறுதி ஆட்டம் முடிய ராத்திரி இரண்டு மணி ஆகும். கோயில் சீரியல் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். வேன் பின்கதவைத் திறந்து வைத்து ஒருவன் நோட்டும் பேனாவுமாக உட்காருவான். வேன் வாடகை, பரோட்டாக் கடைப் பாக்கி, நுழைவுக் கட்டணம், முழங்கால் பட்டை, ஐயோடெக்ஸ் எல்லாம் கழிந்து மீதி என்ன என்று எல்லாருடைய கண்ணும் அந்த நோட்டில்தான் இருக்கும். ஜெயித்த கோப்பை வேன் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும். அணிகள் உடைவது தோற்ற அன்றைக்கு இல்லை, அநேகமாக இந்த மாதிரி ஜெயித்த அன்றைக்குத்தான்.

காலிங்வுட்டில் என்ன செய்தார்கள் பார். சூரனோ சாதாவோ, ஆட்டத்துக்கு எல்லாருக்கும் ஒரே சம்பளம். அதுவும் யாருக்கு? கார்டன் கவென்ட்ரி என்று ஒருவர். 1929-இல் ஒரே சீசனில் 124 கோல் அடித்தார். காலிங்வுட் ஆடிய லீகில் ஒரு சீசனில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். மொத்தம் 1,299 கோல். அதைத் தாண்ட 1999-இல் டோனி லாக்கெட் வர வேண்டியிருந்தது. கார்டனின் அண்ணன் சிட் கவென்ட்ரி காலிங்வுட் கேப்டன். காலியர் சகோதரர்கள் ஆல்பர்ட், ஹாரி என்று இன்னொரு ஜோடி. லீகின் சிறந்த வீரருக்குத் தருகிற பிரௌன்லோ பதக்கம் 1927-இல் சிட்டுக்கு, 1929-இல் ஆல்பர்ட்டுக்கு. இத்தனை பேருக்கும், பெஞ்சிலிருந்து எப்போதாவது இறங்குகிற பையனுக்கும் கவரில் இருந்தது ஒரே தொகை. வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை காலையில் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அந்த அணிதான் 1927, 1928, 1929, 1930 என்று நான்கு வருஷம் அடுத்தடுத்துப் பட்டம் வாங்கியது. அணிக்கே ‘மெஷின்’ என்று பெயர் வந்துவிட்டது. நான்கில் முதலாவது, கொட்டுகிற மழையில், ரிச்மண்டுக்கு எதிராக நடந்த 1927 இறுதி ஆட்டம். முடிவு 25-க்கு 13. நூறு புள்ளியெல்லாம் சாதாரணமாக எடுக்கிற ஆட்டத்தில் இவ்வளவுதான் எடுக்க முடிந்தது என்றால் தரை எப்படி இருந்திருக்கும் என்று நடவு வயலில் இறங்கிய நமக்குச் சொல்லவே வேண்டாம். 1929-இல் லீக் சுற்றில் 18 ஆட்டம், 18 வெற்றி. அரையிறுதியில் அதே ரிச்மண்ட் 62 புள்ளி வித்தியாசத்தில் சாத்தி எடுத்தது. வேறு அணியாக இருந்தால் அன்றைக்கே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிச் சிதறியிருக்கும். லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததால் இன்னொரு வாய்ப்பு கிடைத்த இவர்கள், இறுதி ஆட்டத்தில் ரிச்மண்டைத் தோற்கடித்துப் பட்டத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அது பஞ்சகாலம். உலகமே வேலையில்லாமல் தவித்தபோது அந்தப் பேட்டை மக்களுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது, இந்தக் கதைக்கு மறுபாதியும் உண்டு. கவென்ட்ரிக்குப் பிறகு ரான் டாட் என்று ஒரு கோல் மன்னன் வந்தார். 1938-இல் 120 கோல், 1939-இல் 121. அவர் உன் ரெய்டர் கேட்ட கேள்வியையே கேட்டார். காலிங்வுட் அசையவில்லை. 1940-இல் அவர் அதிகப் பணம் கொடுத்த வில்லியம்ஸ்டவுன் அணிக்குப் போய்விட்டார், அது வேறு சங்கத்தைச் சேர்ந்த அணி. 1940-இல் பிரௌன்லோ பதக்கத்தைப் பகிர்ந்துகொண்ட டெஸ் ஃபாதர்கில்லும் அதே வழியில் கிளம்பினார். டாட் அங்கே 1945-இல் ஒரே சீசனில் 188 கோல் அடித்துக் காட்டினார். காலிங்வுட் 1936-க்குப் பிறகு 1953 வரை பட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அதற்கு டாட் போனது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், போரும் வந்தது. ஆனாலும் சமபங்குக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் காலிங்வுட் கொடுத்தது.

எனக்குக் கேட்டால் அந்த விலையைக் கொடுக்கலாம். பாதிப் பணம் கொடுத்து அவனை நிறுத்தினால் அடுத்த சீசனில் உன் கார்னர் வந்து கால்வாசி கேட்பான், அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கும். மெஷின் என்ற பெயர் நான்கு வருஷம் அதே ஆட்கள் சேர்ந்து நின்றதால் வந்தது. நம் அணிகளில் பாதி, டோர்னமென்டுக்கு டோர்னமென்ட் வெளியூர் ஆளைக் காசு கொடுத்து இறக்குகிறது. பனியன் மட்டும்தான் ஊருடையது. போன மாசி மாதம் ஒரு இறுதி ஆட்டத்தில் நடுவராக இருந்தேன். ஒரு அணிக் கேப்டனிடம் பட்டியல் கேட்டால், தன் லெஃப்ட் கார்னரின் பெயரை அவனிடமே கேட்டு எழுதித் தருகிறான்!

இரண்டு காரியம் செய். அடிபட்டவனுக்கு வைத்தியச் செலவு பொதுப் பணத்திலிருந்து முதலில் போகட்டும், அப்புறம் மீதி சமபங்கு என்று சீசன் தொடங்கும் முன்பே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. ரெய்டர் பிள்ளை போகத்தான் போகிறான் என்றால் சண்டை போடாதே, வாட்ஸ்அப் குழுவில் வசை எழுதாதே. நல்ல ரெய்டருக்குப் பசி இருப்பது குற்றமில்லை. அவன் திரும்பி வரவும் ஒரு வாசல் இருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: என் பையன் ஆடும் வாலிபால் அணியின் கோச்சுக்கு டெங்கு. மாவட்டப் போட்டி அடுத்த வாரம். அவர் இல்லாமல் பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் அம்மா, அனுப்புங்கள். 1930 இறுதி ஆட்டம், காலிங்வுட்டுக்கு எதிரே ஜீலாங். நான்காவது பட்டம் வருமா என்று ஊரே எதிர்பார்க்கிறது. மெக்ஹேல் ஃப்ளூ காய்ச்சலில் வீட்டில் படுக்கையில் கிடக்கிறார். பாதி ஆட்டத்தில் ஜீலாங் முன்னே நிற்கிறது. உடைமாற்றும் அறையில் பையன்களிடம் பேச எழுந்தவர் கிளப்பின் பொருளாளர் பாப் ரஷ், அவரும் பழைய வீரர்தான். அதன் பிறகு காலிங்வுட் புரட்டிப் போட்டது, கடைசியில் 30 புள்ளி வித்தியாசம்.

ஏட்டில் அந்த ஆட்டத்தின் கோச் மெக்ஹேல் என்றே இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. பேசியது ரஷ், ஆனால் பேச்சைக் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பதினெட்டுப் பேருக்குத் தெரிந்திருந்ததே, அது அன்றைக்கு மத்தியானம் வந்ததா? உங்கள் கோச்சும் இத்தனை நாள் ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பார். பிள்ளைகளோடு விவரம் தெரிந்த ஒரு பெரியவரை அனுப்புங்கள், டைம் அவுட்டில் தண்ணீர் கொடுத்து நாலு வார்த்தை பேச. கோச் ஐயாவுக்கு ஃபோன் போட்டு நொடிக்கு நொடி ஸ்கோர் சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். பிளேட்லெட் கவலையே அவருக்குப் போதும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: அத்தனை வருஷம் கோச்சாக இருந்தவர் பெரிய பணக்காரராகியிருப்பாரே?

பீர் ஆலையில் வேலை பார்த்தார். கோச் வேலை சாயங்காலமும் சனிக்கிழமையும்தான். நம் ஊரில் விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை கிடைக்கும், மெல்போர்னில் பீர் ஆலை. பையன்களிடம் ‘குடிக்காதே’ என்று எப்படிச் சொன்னாரோ!

தஞ்சாவூரிலிருந்து ஒரு கிளப் செயலாளர்: எங்கள் கோச்சுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. நல்ல மனிதர், நாங்கள் எல்லாரும் அவரிடம் கற்றவர்கள். ஆனால் ‘மேட்’ விரிப்பில் ஆடுகிற இந்தக் காலத்துக் கபடிக்கும் அவர் சொல்வதற்கும் தூரம் அதிகமாகிவிட்டது. எப்படிச் சொல்வது?

மெக்ஹேலுக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. அவருடைய எட்டாவது பட்டம் 1936. அந்த இறுதி ஆட்டத்தில் கார்டன் கவென்ட்ரி இல்லை. கழுத்தில் கட்டி வந்திருந்த நேரத்தில் ரிச்மண்ட்காரர் ஒருவர் அதிலேயே இடித்துக்கொண்டிருந்தார், பொறுமைக்குப் பேர்போன மனிதர் திருப்பிக் குத்திவிட்டார், 8 ஆட்டம் தடை. கோல் மன்னன் இல்லாமலே ஜெயித்தார்கள். அப்புறம் 1937-இல் ஜீலாங்கிடம், 1938-இல் கார்ல்டனிடம், 1939-இல் மெல்போர்ன் என்ற பெயருள்ள அணியிடம் என்று மூன்று இறுதி ஆட்டத்தில் வரிசையாகத் தோல்வி. அதற்குப் பிறகும் பத்து சீசன் இருந்தார், ஒரு பட்டமும் இல்லை. போர்க் காலத்தில் யார் இருந்தாலும் கஷ்டம்தான். ஆனாலும் என் கணக்கில் அவர் 1945 வாக்கிலேயே நாற்காலியை விட்டிருக்க வேண்டும். அவரை மதிக்கிறவன்தான் இதைச் சொல்கிறேன். யாராலும் அவரிடம் சொல்ல முடியவில்லை என்பதுதான் விஷயம்.

சரி, கடைசியில் விலகினார். அடுத்தது யார்? அணியின் கேப்டனாக இருந்த ஃபான்ஸ் கைன் வருவார் என்று ரசிகர்கள் நினைத்திருக்க, கமிட்டி பெர்வின் வுட்ஸை நியமித்தது. வுட்ஸும் காலிங்வுட்டுக்கு ஆடியவர்தான், அவர்மீது ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கூட்டம் கொந்தளித்துவிட்டது. மனிதர் சீசன் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டார், கைன் வந்தார். உங்கள் கமிட்டிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பழைய கோச்சை அனுப்புவதைவிடப் புது கோச்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் கிளப்புகள் கோட்டை விடுகின்றன.

1953 செப்டம்பர் 26. கைனின் காலிங்வுட் ஜீலாங்கை வென்று 17 வருஷம் கழித்துப் பட்டம் வாங்கியது. அடுத்த நாள் மெக்ஹேலுக்கு மாரடைப்பு. அக்டோபர் 4-ஆம் தேதி இறந்தார். பட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று காலிங்வுட்காரர்கள் இன்றும் சொல்வார்கள், சொல்லட்டும்.

அவர் போன பிறகு அவருடைய சாதனைக்கு ஒரு கண்டம் வந்தது. நார்ம் ஸ்மித் கோச்சாக இருந்த மெல்போர்ன் அணி 1955, 1956, 1957 என்று மூன்று பட்டம் அடுத்தடுத்து வாங்கி, 1958-இல் நான்காவதற்கு வந்து நின்றது. ஜெயித்தால் மெஷினின் நான்குக்குச் சமம். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது கைனின் காலிங்வுட். மெல்போர்ன்தான் ஜெயிக்கும் என்று எல்லாரும் எழுதிவிட்டிருந்தார்கள். காலிங்வுட் 18 புள்ளியில் ஜெயித்தது. அந்த நான்கை இன்றுவரை வேறு யாரும் எட்டவில்லை.

அதே நார்ம் ஸ்மித்தை 1965-இல் அவருடைய கிளப் கடிதம் அனுப்பி வேலையைவிட்டு எடுத்தது. ஆறு பட்டம் வாங்கித் தந்தவரை! ஊர் கேட்ட கேள்வியில் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கூப்பிட்டார்கள், ஆனால் அவர் இருந்த காலத்தில் அந்த அணி மறுபடி பட்டம் வாங்கவில்லை. ஆகவே செயலாளரே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நீங்களும் கேப்டனும் அவர் வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அவரிடமே ‘அடுத்தது யாரைப் போடலாம் சார்?’ என்று கேளுங்கள். அவர் சொல்கிற ஆளைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது நிற்கும். ஜூனியர் பையன்களை அவரிடம் விடுங்கள். மேட் விரிப்போ மண்ணோ, மூச்சுக் கட்டுவதும் கால் வைப்பதும் அவர் சொல்லித் தந்தால் தப்பாது.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி: எங்கள் பள்ளியில் பெண்கள் இந்த ஆட்டத்தை ஆட முடியுமா? எவ்வளவு பெரிய மைதானம் வேண்டும்?

முடியும் பாப்பா. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான லீக் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் ஆட்டமே கார்ல்டனும் காலிங்வுட்டும்தான். உள்ளே 24,000 பேருக்கு மேல் நிரம்பி, மீதிக் கூட்டத்துக்கு வாசலிலேயே கதவைச் சாத்தினார்கள்.

மைதானம்தான் கொஞ்சம் பேராசை பிடித்தது. நீளம் 135-லிருந்து 185 மீட்டர், அகலம் 110-லிருந்து 155 மீட்டர். நம் தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால், சராசரி மைதானம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மா நிலம் வேண்டும். உங்கள் பள்ளியில் அவ்வளவு இருக்காது. சம்பா அறுவடை முடிந்த தரிசில் ஆடலாம் என்று உன் அண்ணன்மார் யோசனை சொல்வார்கள். வெடித்த களிமண்ணில் கணுக்கால் மாட்டினால் போச்சு, ஒத்துக்கொள்ளாதே. இருக்கிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்பது பேர் வைத்து ஆடுங்கள். நான்கு கம்பத்துக்கு நான்கு மூங்கில் போதும், நடுவில் உயரமான இரண்டு, ஓரத்தில் குட்டையான இரண்டு. பந்துக்கு ரக்பி பந்து கிடைத்தால் பழகலாம். அசலைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும்.

முதல் வாரம் உதைக்கவே வேண்டாம். இரண்டு இரண்டு பேராக ஐந்தடி தள்ளி நில்லுங்கள். பந்தை இடது உள்ளங்கையில் படுக்க வை. வலது கையை மூடி, கட்டைவிரலை முஷ்டிக்கு வெளியே வை, உள்ளே மடக்கினால் விரல் போய்விடும். பந்தின் பின்முனையில் கீழிருந்து மேலாகக் குத்து, குத்தின கை எதிரில் இருப்பவளின் நெஞ்சு உயரத்தில் வந்து நிற்கட்டும். அது நன்றாக வந்த பிறகு வலது கைக்குப் பந்து, இடது கைக்குக் குத்து. உதைப்பது எப்படி என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் உங்கள் பி.டி. டீச்சரிடம் மூங்கில் கேட்டு வை.